சிரிக்காத படம்

"சிரிங்க" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இத்தனை வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன், ஒரு நாளும் சொன்னதில்லை. சிரிப்பு வந்தால் அவர்களே சிரிப்பார்கள். வராவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கையில் கேமரா இருக்கிறது என்பதற்காக அடுத்தவரின் வாயைத் திறக்கச் சொல்ல நான் என்ன பல் டாக்டரா?

என் பெயர் ஹாதியா. செங்கல்பட்டில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆம்பளை போட்டோகிராபர் நுழைய முடியாது. அங்கே நான் எடுப்பேன், ஆண்கள் பக்கம் என் தம்பி ஜாவித் எடுப்பான். தலையில் துணி இல்லாமல், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டும், பழைய சண்டையைப் புதுப்பித்துக்கொண்டும், மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டும் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் படங்கள் வெளியே போகாது. என் நல்ல படங்கள் எல்லாம் யார் யார் வீட்டு பீரோவிலோ பூட்டிக் கிடக்கின்றன. யாராவது வந்து "உங்க பெஸ்ட் ஒர்க்கைக் காட்டுங்க" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எடுத்து முடித்ததும் பெண்கள் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கேமராவின் திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டுவேன். "இருக்கட்டுமா, அழிக்கட்டுமா?" அழி என்றால் ஏன் என்று கேட்கமாட்டேன். அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவேன். அப்புறம் மாமியாரே வந்து நாடியைப் பிடித்துக் கெஞ்சினாலும் கிடைக்காது. முகம் யாருதோ, முடிவும் அவங்களுது. இந்த ஒரு வழக்கத்துக்காகத்தான் கோவளத்திலிருந்தும் கேளம்பாக்கத்திலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள்.

பிரபா வந்ததும் அதனால்தான். பொத்தேரி காலேஜில் அவளோடு படித்த அலீனாவின் கல்யாணத்தை நான் எடுத்தேன். தோழிப் பெண்களோடு வந்த பிரபா நான் அழிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். சில மாதம் கழித்து ஒரு நாள் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு ஒரு சினிமால சான்ஸ் வந்துகீது. ரெண்டாவது ஹீரோயின். யாரு யாரு நடிக்கறாங்கன்னு அடுத்த வாரம் படத்தோட போடுவாங்க. போட்டோ நீங்கதான் எடுக்கணும்."

"நான் கல்யாணத்துக்குத்தாம்மா எடுப்பேன்."

"அதான்க்கா வேணும். ஒரு படம் வேணாம்னா வேணாம்னு விடற ஆளு எனக்கு வேற யாரையும் தெரியாது."

அவளுக்குத் திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ள ஒரு கிராமம். நிலம் கொஞ்சம் இருந்தது, இப்போது பெரியப்பா பார்த்துக்கொள்கிறார். அப்பா வெங்கடேசன் சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறார். பிரபா கேளம்பாக்கத்தில் இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். குறும்படங்களில் நடித்துக்கொண்டிருந்த விஷயம் வீட்டுக்குத் தெரியும். வீட்டைத் தாண்டி ஊருக்குத் தெரியாது.

மாமல்லபுரத்தில் எடுக்கலாம் என்று முடிவானது. கடற்கரைக் கோயில் பக்கம் ஸ்டாண்டை விரித்தால் காவலாளி விசிலடித்துக்கொண்டு வந்துவிடுவார் என்பதால், மீனவர்கள் படகு ஏற்றி வைத்திருக்கும் மணலுக்குப் போனோம். விடிந்து வெயில் ஏறாத நேரம். பட நிறுவனத்தின் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆதித்யா என்ற இளைஞன் சென்னையிலிருந்து காரில் வந்திருந்தான். ரோஸ் நிறச் சட்டை, காதில் எப்போதும் ஒரு போன். கையோடு தரையைக் கூட்டும் நீளத்துக்கு ஒரு வெள்ளை கவுனைக் கொண்டுவந்திருந்தான்.

பிரபா அதைத் தூக்கிப் பார்த்தாள். "இதைப் போட்டுகினு படகுல ஏற முடியாதுங்க சார்."

"படகுல ஏறல. மணல்ல படுக்கறீங்க. மேல பார்க்கறீங்க. சிரிக்கறீங்க."

அவள் கவுனை மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள். தான் போட்டு வந்த அரக்கு நிறச் சுடிதாரோடு, பின்னிய ஜடையோடு படகில் சாய்ந்து நின்றாள். நான் எடுக்க ஆரம்பித்தேன். ஆதித்யா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஓயாமல் பேசினான். கன்னத்தை இறக்கு, கண்ணை ஏற்று, உதட்டைக் கொஞ்சம் பிரி. அவளும் பாவம், சொன்னதையெல்லாம் செய்தாள். சிரித்தாள், தலையைச் சாய்த்தாள், முடியை ஒதுக்கினாள். எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. எந்தப் பெண்ணின் முகத்தை ஒட்டினாலும் பொருந்தும்போல இருந்தன.

"இன்னும் கொஞ்சம் பயந்த மாதிரி இருங்க பிரபா. புதுமுகம்னா ஒரு பயம் தெரியணும். அதான் ஜனங்களுக்குப் பிடிக்கும்" என்றான் அவன். எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு பேச்சோடு பேச்சாகக் கேட்டான். "அப்பா என்ன பண்றார்?"

"டிரைவர். கம்பெனி பஸ் ஓட்டறாரு."

"ஓ. அதை இன்டர்வியூல எங்கேயும் சொல்லிக்காதீங்க. டிரான்ஸ்போர்ட் பிசினஸ்னு போட்டுக்கலாம். கௌரவமா இருக்கும்."

பிரபா திரும்பினாள். அவ்வளவு நேரம் சாய்த்து வைத்திருந்த தலை நேரானது. உதடு மூடிக்கொண்டது. என் தோளுக்கு மேலே அவனை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை. கத்தப் போகிறவளின் முகம் இல்லை அது. இனிமேல் உன்னிடம் ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லமாட்டேன் என்று முடிவு செய்துவிட்ட முகம். என் விரல் தானாக அழுத்தியது.

அந்த நேரம் பார்த்து ஆதித்யாவுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே கார் பக்கம் போனான். நாங்கள் இரண்டு பேரும் படகு நிழலில் உட்கார்ந்தோம். நான் கேமராவை அவள் பக்கம் திருப்பினேன்.

"இருக்கட்டுமா, அழிக்கட்டுமா?"

சிரிப்புப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. "அழிங்க." "அழிங்க." "இது யாருக்கா? அழிங்க." கடைசியில் அந்தப் படம் வந்தது. அவள் கேமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் நீல பிளாஸ்டிக் டிரம்மும் ஆரஞ்சு வலையும் கண்ணை உறுத்தின. அங்கேயே அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினேன். டிரம்மும் வலையும் அடங்கிப்போய் முகம் மட்டும் முன்னால் வந்து நின்றது.

"இது நான்தான்" என்றாள். "இது இருக்கட்டும். வேற எதுவும் வேணாம்."

அழித்தேன். ஆதித்யா திரும்பி வந்தபோது கேமராவில் மிச்சம் இருந்தது அந்த ஒரே படம்தான். கத்தினான். ஒரு புதுமுகத்துக்கு இவ்வளவு திமிரா என்று கேட்டான். இப்படி ஒரு போட்டோகிராபரை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்றான். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சாயந்திரம் அறிவிப்பு வெளியிட வேண்டும், திரும்ப எடுக்க அவனுக்கு நேரமில்லை. வேறு வழியில்லாமல், மற்றவர்களின் கலர் கலரான சிரிப்புகளுக்கு நடுவில், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை வெளியிட்டான். பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேட்டபோது பிரபாவே அனுப்பினாளாம்: "அப்பா வெங்கடேசன், டிரைவர்."

அதோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை காலை நாஸ்தா சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"அக்கா, நான் செத்துட்டேன். கேமராவ எடுத்துகினு எங்க ஊரு பஸ் ஸ்டாப்புக்கு வாங்க" என்றாள் பிரபா. குரலில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஊர் பஸ் ஸ்டாப்பில், புளியமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு பேனர். அதில் நான் எடுத்த படம். இரண்டு ஓரத்திலும் குத்துவிளக்கு, மேலே கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி", கீழே "செல்வி வெ. பிரபா. ஆழ்ந்த துயரத்துடன்: பெற்றோர், உற்றார், உறவினர்". யாரோ ஒரு சம்பங்கி மாலையை வேறு மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே கட்டைச் சுவரில், தோளில் பையோடு செத்துப்போனவள் உட்கார்ந்திருந்தாள்.

"பஸ்ஸுல இருந்து எறங்கனேன். டீக்கடை அண்ணன் என்னைப் பாத்துட்டு கிளாஸைக் கீழ போட்டுட்டாரு" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் நடக்காத விஷயம் இல்லை இது, நான்தான் மறந்துவிட்டிருந்தேன். வீட்டுக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்துவிட்ட பெண்ணுக்கு, அவள் எங்கோ உயிரோடு இருக்கும்போதே, அஞ்சலி பேனர் வைப்பார்கள். வேறு சாதிப் பையனோடு போனவளுக்கு வைத்திருக்கிறார்கள். போன வருடம் பக்கத்து ஊரில் ஒருத்திக்கு வைத்தார்கள். அவளே திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அந்தப் பேனர் வெயிலில் வெளுத்துக் கிழியும்வரை அங்கேயே இருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்க்கா தெரியணும். இதை அப்பா சொல்லி வெச்சதா? காலையில இருந்து போன் பண்றேன், எடுக்கவே மாட்டேங்கறாரு."

"வா, நேரா போய்க் கேப்போம்."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்ட்டேன். தனியா போனா நான் அழுதுடுவேன். இன்னிக்கு அழக்கூடாது."

வழியில் பேனர் கடை கண்ணாயிரம் எங்கள் வண்டியை மறித்தார். செங்கல்பட்டில் அவர் கடை என் ஸ்டுடியோவுக்கு நாலு கடை தள்ளி இருப்பதால் எனக்குத் தெரிந்தவர்தான். தப்பு நடந்துவிட்ட சேதி கேட்டு ஓடிவந்திருந்தவரின் முகம் வெளிறிப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பிரபாவின் அப்பா அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"அண்ணாத்த, என் பொண்ணு சினிமால சேர்ந்துட்டா. படம் அனுப்பிகீறேன். ஊருக்குள்ள இதுவரைக்கும் யாருக்கும் சொல்லல. எல்லாருக்கும் தெரியட்டும். நல்லா பெருசா போட்டு பஸ் ஸ்டாப்புல வெச்சிடு. வாசகம்லாம் உனக்குத் தெரியாததா, நீயே போட்டுக்க." நடுநடுவே அந்த மனிதரின் தொண்டை அடைத்துக்கொண்டது.

"நீயே சொல்லு ஹாதியா" என்றார் கண்ணாயிரம். "படம் கறுப்பு வெள்ளை. மூஞ்சில சிரிப்பு இல்ல. பொண்ணு சினிமாக்குப் போயிட்டான்னு ஒரு அப்பன் அழுதுகினே பேசறான். போன வருஷம் பக்கத்து ஊரு ஆளும் இதே மாதிரிதான் அழுதாரு. நான் இன்னான்னு நினைப்பேன்? மாலைகூட நானே மனசு கேக்காம வாங்கிப் போட்டேன்."

பிரபா அந்தப் பதிவை மறுபடி போடச் சொன்னாள். அப்பாவின் குரல் உடைந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். பெருமையில் அழுத மனிதனின் குரல் அது. பஸ்ஸில் வரும் கம்ப்யூட்டர் பிள்ளைகள் போனை நீட்டி "அண்ணே, இது உங்க பொண்ணா?" என்று கேட்டிருக்கிறார்கள். "டிரைவர்" என்று தன் பெயர் போட்டிருந்ததை அவர் அங்கேதான் பார்த்திருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

அப்பா சொல்லி வைக்கவில்லை என்றால், ஏன் அது இன்னும் அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது? ஏன் போனை எடுக்கவில்லை? கேள்வி அதோடு முடியவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே புரிந்தது.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே கூடம் நிறைய சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடு நாற்காலியில் பெரியப்பா திருவேங்கடம். அவருக்கு எதிரில் பனியனோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர் வெங்கடேசன். அடுப்படி வாசலில் அம்மா வசந்தா டம்ளர்களோடு நின்றிருந்தாள்.

பிரபாவைப் பார்த்ததும் வெங்கடேசன் எழுந்தார். "நான் அப்டி சொல்லல கண்ணு. வாழ்த்து போடத்தான் சொன்னேன். உங்கம்மா மேல சத்தியமா."

"தெரியும்ப்பா. கேட்டேன்" என்றாள். "அப்ப ஏன்ப்பா இன்னும் எறக்கல?"

அப்பாவுக்குப் பதிலாகத் திருவேங்கடம் சொன்னார். "நான்தான் எறக்க வேணாம்னேன். உங்கப்பன் விடிகாலைல பேனரை அறுக்கக் கத்தி எடுத்துகினு ஓடினான், நான்தான் புடிச்சி உக்கார வெச்சேன், போனையும் வாங்கி வெச்சிகினேன். காலைல இருந்து எத்தினி போனு தெரியுமா? வெங்கடேசன் மானத்தைக் காப்பாத்திட்டான்னு ஊரே சொல்லுது. தெரியாம வெச்சதோ தெரிஞ்சி வெச்சதோ, வெச்சது நல்லதுக்கு வெச்சதா இருக்கட்டும்."

"நான் உசுரோடதானே கீறேன், பெரியப்பா?"

"சினிமாவ வுட்டுட்டு வா. நானே போய் என் கையால எறக்கறேன். இல்லன்னா அது அங்கேயே கெடக்கட்டும், நீயும் இந்த வூட்டுக்கு வராதே." பிறகு தம்பியைப் பார்த்துக் குரலை இறக்கினார். "இன்னாடா வெங்கடேசா, நான் சொல்றது தப்பா? நாளைக்கு இந்த ஊர்ல நீ தல நிமிர்ந்து நடக்கணுமா வேணாமா?"

ஒரு வார்த்தை. ஒரே ஒரு "தப்பு" போதும். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வாழ்த்தி வந்த போன்கள் அவரை அழுத்தி உட்காரவைத்திருந்தன. அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத முதுகு அது. பிரபா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறேன். அது என் தொழில். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"அண்ணே, அந்த முகம் எப்ப வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

திருவேங்கடம் திரும்பினார். "யாரும்மா நீ? பாய் வூட்டுப் பொண்ணுக்கு எங்க வூட்டு விசயத்துல இன்னா வேலை?"

"அந்தப் படத்தை எடுத்தவ நான்தான். எனக்கு வேலை இருக்கு. நான் உங்ககிட்ட பேசல, அவருகிட்ட பேசறேன்." என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது, கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். "மாமல்லபுரத்துல அந்தக் கம்பெனிக்காரன் சிரி சிரின்னு உயிரை எடுத்தான், அண்ணே. இவளும் சிரிச்சா. படு, எந்திரி, பயந்த மாதிரி பாருன்னான். சரின்னு பாத்தா. அப்புறம் அப்பா இன்னா பண்றாருன்னு கேட்டான். டிரைவர்னா. அதை வெளியில சொல்லாதே, பிசினஸ்னு போட்டுக்கலாம், அதான் கௌரவம்னான். அப்ப வந்த மூஞ்சி அண்ணே அது. உங்களை ஒருத்தன் மறைக்கச் சொன்னதுக்கு வந்த மூஞ்சி. அதைத்தான் அங்க விளக்கு வெச்சு மாலை போட்டு வெச்சிருக்கீங்க."

கூடத்தில் யாரோ டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிரபா என்னை முறைத்தாள். இதைச் சொல்லும்படி அவள் என்னைக் கேட்கவில்லை. அவள் முறைத்தது சரிதான், நான் சொன்னதும் சரிதான்.

வெங்கடேசன் மெதுவாகத் தலையைத் தூக்கினார். மகளைப் பார்த்தார். "நெஜமா கண்ணு?"

"அதுக்கு இன்னா இப்போ?" என்றாள் பிரபா வெடுக்கென்று.

அவர் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது காக்கிச் சட்டையைப் போட்டிருந்தார், லீவு நாளில். பொத்தானை மாட்டிக்கொண்டே நேராக வாசலுக்கு நடந்தார்.

"எங்கடா போற?" என்று கத்தினார் திருவேங்கடம்.

"என் பொண்ணைப் பாத்துட்டு வரேன், அண்ணே. பஸ் ஸ்டாப்புல நிக்குது."

அவர் முன்னால் நடக்க, பிரபாவும் நானும் பின்னால் போனோம். வசந்தா டம்ளர் தட்டை அப்படியே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள். வேடிக்கை பார்க்கத் தெருவே சேர்ந்துகொண்டது. திருவேங்கடமும் வந்தார். என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வெங்கடேசன் கட்டைச் சுவரில் ஏறி மாலையைக் கழற்றினார். பிறகு பேனரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

"கிழிக்காதப்பா" என்றாள் பிரபா. "அது நல்ல படம்."

அவர் கையில் மாலையோடு திகைத்து நின்றார். அவள் சுவரில் ஏறி, அவர் கையிலிருந்து அதை வாங்கி, தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, அபசகுனம்டீ!" என்று கூட்டத்தில் யாரோ ஒருத்தி அலறினாள். வசந்தாவின் கை வாய்க்குப் போனது. பிரபா மாலையை இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்துகொண்டு ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க" என்றாள். "மேல இருக்கறதும் நான்தான், கீழ இருக்கறதும் நான்தான். எனக்கு அழணும்னா இப்பவே அழுதுட்டுப் போங்க. திங்கக்கிழமை எனக்கு ஷூட்டிங் கீது."

டீக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். காலையில் பயத்தில் கிளாஸை உடைத்த மனிதர் அவர். அடக்க முடியாமல் கெக்கெக்கே என்று சிரித்தார். அது பிரபாவைத் தொற்றிக்கொண்டது. ஆதித்யா அத்தனை நேரம் கேட்டும் கிடைக்காத சிரிப்பு அது. கண் இடுங்கி, மூக்கு சுருங்கி, ஒரு கையால் அப்பாவின் காக்கித் தோளைப் பிடித்துக்கொண்டு, சம்பங்கி உதிர உதிரச் சிரித்தாள். அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களுக்கு மேலே அதே முகம் சிரிக்காமல் ஊரை முறைத்துக்கொண்டிருந்தது. நான் எடுத்தேன். நிறுத்தாமல் எடுத்தேன்.

திருவேங்கடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி நடந்ததை நான் எடுக்கவில்லை. அவரை யாரும் படம் எடுக்கக் கேட்கவில்லை.

புளியமரத்தடியில் உட்கார்ந்து கேமராவைத் திருப்பினேன். அப்பாவும் மகளும் மேலே பேனருமாக விழுந்திருந்த ஒன்று, என் கையால் நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம். அது அழிந்தால் என் நெஞ்சே நின்றுவிடும்போல இருந்தது. இருந்தாலும் கேட்டேன். வழக்கம் வழக்கம்தான். "இருக்கட்டுமா, அழிக்கட்டுமா? இதுல ரெண்டு மூஞ்சி இருக்கு. ரெண்டு பேரும் சொல்லணும்."

"அப்பா சொல்லட்டும்" என்றாள்.

வெங்கடேசன் வெயில் படாமல் கையால் திரையை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இருக்கட்டும்மா" என்றார்.

கூட்டத்தில் யாரோ போனில் பிடித்தது அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. ஆதித்யா அழைத்தான். பிரபா எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள். "பிரபா, செம மேட்டர்! அந்த போட்டோகிராபர் எடுத்த ஒரிஜினலை உடனே அனுப்பச் சொல்லுங்க. இதான் நம்ம பப்ளிசிட்டி. நேஷனல் லெவல்ல போகும்."

"அது உங்களுக்கு இல்ல சார். உங்களுக்குக் குடுத்தது நீங்க வெச்சிருக்கீங்க. அந்த மூஞ்சியே போதும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், என் உலகப்புகழ் அப்படியே காற்றில் போவதை நான் எவ்வளவு சந்தோஷமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்திருக்கும்.

கண்ணாயிரம் தயங்கித் தயங்கி அருகே வந்தார். தப்புக்குப் பதிலாகப் புதுசாக ஒன்று அடித்துத் தருவதாகச் சொன்னார். இந்தப் படத்தையே கலரில், முன்னதைவிடப் பெரிதாகப் போடலாம் என்றார். "எங்க வெக்கறது?"

"அண்ணன் வூட்டுக்கு எதிர்ல ஒரு கம்பம் கீது" என்றார் வெங்கடேசன். அவர் குரல் இந்த முறை அடைக்கவில்லை.

"வாசகம் இந்தவாட்டி நீங்களே சொல்லிடுங்கப்பா, எனக்கு வம்பு வேணாம்" என்று கண்ணாயிரம் போனில் குறித்துக்கொள்ளத் தயாரானார். "செல்வி வெ. பிரபா, சரி. வாழ்த்தும்னு போட்டு, பெற்றோர், உற்றார், உறவினர்னு வழக்கம்போல..."

"உற்றார் உறவினர் வேணாம்" என்றாள் வசந்தா. காலையிலிருந்து அவள் வாயைத் திறந்ததை அப்போதுதான் கேட்டேன். "எங்க ரெண்டு பேரு பேரைப் போடு. டிரைவர் வெங்கடேசன்னு போடு."